911இன் கியர்பாக்ஸ் மவுண்ட்டுகள்: எவ்வளவு கெட்டியாகப் போகலாம்?

உங்கள் கேள்வி இதுதான்: 1980ஆம் ஆண்டு போர்ஷே 911 எஸ்சி, அதில் 915 கியர்பாக்ஸ். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கியர் ஒழுங்காக விழுவதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போதெல்லாம் கியர் லீவர் முன்னும் பின்னும் தானாக நகர்கிறது. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் மவுண்ட்டுகளைக் கழற்றிவிட்டு முழு அலுமினிய மவுண்ட் போட்டால் இது தீருமா?

லீவர் நகர்வது பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் அலுமினியம் போடாதீர்கள். தெருவில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதே பலனில் பாதிக்கு மேல் ஒரு படி கெட்டியான ரப்பரிலேயே கிடைக்கும். இரண்டாவது கியர் விழாததற்கு மவுண்ட் மட்டும்தான் காரணமா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

இந்த வண்டியில் மவுண்ட்டுக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்குகிறேன். 911இல் என்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் (விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் பகுதி) மூன்றும் ஒரே கட்டியாகப் பின்னால் தொங்குகின்றன. பின்பக்கம் என்ஜினுக்கு இரண்டு மவுண்ட், முன்பக்கம் கியர்பாக்ஸ் மூக்குக்கு இரண்டு மவுண்ட். நான்கு பெரிய போல்ட்டுகளில் மொத்தமும் நிற்கிறது. கியர் லீவரோ பாடியோடு சேர்ந்தது. லீவரிலிருந்து ஒரு நீண்ட கம்பி நடு டனலுக்குள் ஓடி, பின் இருக்கைப் பகுதியின் தரைக்கு அடியில் ஒரு கப்ளர் வழியாகக் கியர்பாக்ஸ் தண்டைப் பிடிக்கிறது. ஒரு முனை பாடியில், மறுமுனை ரப்பரில் மிதக்கும் கியர்பாக்ஸ் பெட்டியில். பெட்டி எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் லீவரில் தெரியும். நீங்கள் கியர் மாற்றும் அந்த நொடியில் பெட்டி நகர்ந்தால், நீங்கள் தேடும் இடத்தில் கியர் இருக்காது.

கியர் மட்டுமல்ல. 1986 வரை வந்த 915 வண்டிகளில் கிளட்ச் கேபிள் வழியாக இயங்குகிறது. கேபிளின் பின்முனை கியர்பாக்ஸில் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் இணைப்பும் கியர்பாக்ஸ் மேல் உள்ள ஒரு திருப்பு நெம்புகோல் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகிறது. அதனால் மவுண்ட் தளர்ந்த 911, முதல் கியரில் மெதுவாக நகரும்போது உதறும். பெட்டி அசைந்தால் ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் மாறும், அது மாறினால் பெட்டி இன்னும் அசையும். பலர் இதைக் கிளட்ச் தட்டின் கோளாறு என்று நினைத்து என்ஜினையே இறக்கிவிடுகிறார்கள்.

இனி விசை. முன்னால் என்ஜினும் பின்னால் தனி ஆக்ஸிலும் உள்ள வண்டிகளில், என்ஜின் பக்கவாட்டில் சாய முயல்வதை மவுண்ட் தடுக்கிறது. 911இல் அப்படி அல்ல. மூன்றும் ஒரே கட்டி என்பதால், அதிலிருந்து வெளியே போகும் திருப்புவிசை சக்கரத் தண்டுகள் வழியாக மட்டுமே போகிறது. எதிர்விசையும் அதே அச்சில்தான் வரும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது கட்டி பின்னோக்கித் திரும்பப் பார்க்கிறது: கியர்பாக்ஸ் மூக்கு மேலே எழும்பும், என்ஜின் வால் கீழே இறங்கும். காலை எடுத்தால் எதிர்த்திசையில். தலையாட்டுவது போன்ற இந்த அசைவைத்தான் உங்கள் லீவர் காட்டிக்கொடுக்கிறது.

எவ்வளவு விசை என்று ஒரு கணக்குப் போடுவோம். ஐரோப்பிய 911 எஸ்சியின் மூன்று லிட்டர் என்ஜின் உச்சத்தில் சுமார் 265 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். முதல் கியர் விகிதம் 3.181, இறுதி விகிதம் 3.875. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,270 நியூட்டன் மீட்டர். முன் மவுண்ட்டுக்கும் பின் மவுண்ட்டுக்கும் இடையே ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கியர்பாக்ஸ் மூக்கை மேலே தூக்கும் விசை 330 கிலோ எடைக்குச் சமம். பின்சக்கரங்களுக்கு மேலே பெரும் எடை உட்கார்ந்திருப்பதால் 911 இந்த விசையில் பெரும்பகுதியைச் சறுக்காமல் சாலைக்கு அனுப்பும். ஆக மவுண்ட்டுகள் நிஜமாகவே இதைச் சுமக்கின்றன.

இதில் சோதனைக்கு உதவும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. வண்டி நிற்கும்போது மவுண்ட்டில் இருப்பது கீழ்நோக்கிய எடை. ரப்பர் உலோகத்திலிருந்து விட்டுப்போயிருந்தாலும் அந்த எடையில் அது ஒழுங்காக உட்கார்ந்திருப்பது போலத்தான் தெரியும். அதனால் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதை நம்பாதீர்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் அணைந்திருக்கும்போது, கியர்பாக்ஸ் மூக்குக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கை மெதுவாக ஏற்றுங்கள். ரப்பரும் சேர்ந்து இழுபட்டால் சரி. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி திறந்தால் மவுண்ட் செத்துவிட்டது.

ஓடும்போது பார்க்க வேண்டுமென்றால், லீவரையும் பக்கத்தில் நட்ட ஒரு அளவுகோலையும் சேர்த்துக் கைபேசியில் படம் பிடியுங்கள். ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாவது கியரில் அழுத்தி விடுங்கள். எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்று குறித்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு ஒப்பிட இந்த எண் வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, யாரையாவது வண்டிக்கு அடியில் படுக்க வைக்கும் வேலை மட்டும் ஒருபோதும் வேண்டாம்.

மவுண்ட் வாங்குவதற்கு முன் இன்னொன்று. பின்னால் டனல் மூடியைத் திறந்து கப்ளரைப் பாருங்கள். அதற்குள் உள்ள பிளாஸ்டிக் புஷ்கள் (அசையும் இணைப்பில் இருக்கும் சிறு உறைகள்) இந்த வயதில் பொடிந்திருக்கும். லீவருக்கு அடியில் உள்ள புஷ்ஷும் அப்படித்தான். கப்ளரைக் கியர்பாக்ஸ் தண்டோடு பிடிக்கும் கூம்பு முனைத் திருகு தளர்ந்திருந்தாலும் உங்கள் அறிகுறிகளில் பாதி வரும். என் முதல் 911இல் நான் செய்த தவறு இதுதான். இரண்டாவது கியர் தகராறு செய்தது. நேராக அலுமினிய மவுண்ட் வாங்கிப் போட்டேன். லீவர் நகர்வது நின்றது, இரண்டாவது கியர் அப்படியே இருந்தது. கடைசியில் கப்ளர் புஷ் மாற்றியதும் வெண்ணெய் போல விழுந்தது. அலுமினியத்தை இரண்டு மாதத்தில் கழற்றினேன். அந்த இரண்டு மாதத்தில் வெப்பத் தகடு ஒன்று விரிசல் விட்டிருந்தது, எக்ஸாஸ்ட் பட்டையின் நட்டுகள் இரண்டு முறை தளர்ந்திருந்தன. நெடுஞ்சாலை வேகத்தில் கியர் பற்களின் முனகல் முழுவதும் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

புஷ்கள் புதிதாக இருந்தும், கிளட்ச் கேபிள் சரியாக முறுக்கியிருந்தும், பெட்டி சூடான பின்னும் இரண்டாவது கியர் மட்டும் தனியாக முரண்டு பிடித்தால், அது பெட்டிக்குள்ளே சின்க்ரோ (கியர் விழுமுன் இரு பக்க வேகத்தையும் ஒன்றாக்கும் வளையம்) தேய்மானம். 915இல் அது பழகிய நோய். அதற்கு மவுண்ட் மருந்தல்ல.

சரி, மவுண்ட்தான் என்று உறுதியாகிவிட்டது. எவ்வளவு கெட்டி? இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விற்பவர்கள் சொல்வது "கெட்டியாக இருந்தால் நல்லது" என்ற ஒற்றை வரியைத்தான்.

ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் ஏ என்ற அளவில் சொல்வார்கள். இந்த எண் நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஒரே வடிவத்தில் 50 ஷோர் ரப்பருக்குப் பதிலாக 70 போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். 80 போட்டால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 70க்கும் 80க்கும் பத்துதான் வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் அந்தப் பத்து பெரிய பத்து.

மவுண்ட் மேல் உட்கார்ந்த என்ஜினுக்கு ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. விறைப்பு நான்கு மடங்கானால் அது இரண்டு மடங்காகும். என்ஜினிலிருந்து வரும் அதிர்வு அந்த இயல்பு அதிர்வெண்ணைப் போல 1.41 மடங்குக்கு மேலே இருந்தால்தான் மவுண்ட் அதை வடிகட்டும். அதற்குக் கீழே வந்தால் பெருக்கும். இதுதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர்.

உங்கள் வண்டியில் ஆறு சிலிண்டர், அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று முறை தீப்பிடிக்கிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் வண்டி நின்றபடி ஓடும்போது, நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் நொடிக்கு 45 முறை. 50 ஷோர் ரப்பரில் இயல்பு அதிர்வெண் 12 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது கணக்குக்காக, தணிப்பை விட்டுவிடுகிறேன்). அப்போது ஐடிலிங் அதிர்வில் 8 சதவீதம்தான் பாடிக்குப் போகும். 70 ஷோர் போட்டால் 18 சதவீதம். 80 போட்டால் 40 சதவீதம். அலுமினியம் போட்டால் வடிகட்ட ஒன்றுமே இல்லை, அத்தனையும் போகும். அசைவையும் பாருங்கள்: 70இல் அசைவு பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, 80இல் கால்வாசி. பாதிக்கு மேல் அசைவைக் குறைக்க நீங்கள் கொடுக்கும் விலை பத்து சதவீத அதிர்வு. அதற்கடுத்த கால் பங்குக்குக் கொடுக்கும் விலை இன்னும் இருபது. அதனால்தான் ஒரு படியோடு நிறுத்துங்கள் என்கிறேன்.

இதே கணக்கை நான்கு சிலிண்டர் வண்டிக்குப் போட்டால் கதை மாறும். அங்கே 900 சுற்றில் நொடிக்கு 30 முறைதான். 80 ஷோர் போட்டால் இயல்பு அதிர்வெண் 24 ஹெர்ட்ஸ் ஆகி, வடிகட்டுவதற்குப் பதிலாக ஐடிலிங் அதிர்வை ஏறக்குறைய 1.8 மடங்காகப் பெருக்கிவிடும். ஒரே பாலியூரிதேன் (ரப்பர் போன்ற செயற்கைப் பொருள்) மவுண்ட்டை ஒருவர் புகழ்வதும், இன்னொருவர் பல் ஆடுகிறது என்று கழற்றி எறிவதும் இதனால்தான். நண்பர் சொன்னார் என்பதற்காக வாங்குவதற்கு முன் அவர் வண்டியில் எத்தனை சிலிண்டர் என்று கேளுங்கள்.

அடுத்தது எதில் செய்த மவுண்ட் என்பது. அதே வடிவில் கெட்டி ரப்பர் இருக்கிறது, பாலியூரிதேன் இருக்கிறது. பாலியூரிதேனுக்கு எண்ணெய் பட்டால் அதிகம் பாதிப்பில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிக் கூழாகும். கியர்பாக்ஸ் மூக்கில் இது முக்கியம், ஏனென்றால் 915இன் ஷிஃப்ட் தண்டு சீல் கசிவது வெகு சாதாரணம். மறுபக்கம், எக்ஸாஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஜின் மவுண்ட்டுக்கு நல்ல ரப்பரையே நான் விரும்புவேன். ஆகவே உங்களுக்கு என் தேர்வு: பின்னால் கெட்டி ரப்பர், முன்னால் 70 ஷோர் அளவில் ரப்பர் அல்லது பாலியூரிதேன். பாலியூரிதேனுக்கு எண் தெரியாமல் "ஸ்போர்ட்" என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது 90க்கு மேலே இருந்தாலும் அதே பெயர்தான் போட்டிருக்கும்.

முன்னும் பின்னும் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கியர்பாக்ஸ் மூக்கை அலுமினியத்தில் பிடித்துவிட்டுப் பின்னால் பழைய மெத்தென்ற ரப்பரை விட்டால், திருப்பத்தில் பின்னால் தொங்கும் கனமான என்ஜின் ஆடும், மூக்கு ஆடாது. அந்த ஆட்டம் முழுவதும் மூக்கில் வளைக்கும் விசையாக இறங்கும். மவுண்ட்டுக்கும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கும், பெட்டியின் ஹவுசிங்குக்கும் அது நல்லதல்ல. உங்கள் எஸ்சியில் அலுமினிய ஹவுசிங் இருக்கிறது, கொஞ்சம் தாங்கும். 1977 வரை வந்த 915களில் மெக்னீசியம் ஹவுசிங். அந்த வண்டிக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1987இல் வந்த ஜி50 பெட்டிக்கு மவுண்ட்டே வேறு. அதற்கு விற்கும் சாமான் உங்களுக்குப் பொருந்தாது.

பந்தயப் பாதைக்கு மட்டுமே ஓடும் வண்டி, உள்ளே ரோல் கேஜ், பட்டறையில் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் போல்ட் சோதனை என்றால் அலுமினியம் போடட்டும். அங்கே என்ஜினும் பாடியின் ஓர் எலும்பாகிவிடுகிறது. பாடி முறுக்கும்போது என்ஜினும் அந்த முறுக்கலைச் சுமக்கும். தெரிந்தே செய்யும் வேலை அது.

இன்னொரு எச்சரிக்கை: பல வருடம் அலமாரியில் கிடந்த "அசல், பிரிக்காத" பழைய ஸ்டாக் ரப்பரை ஆசைப்பட்டு வாங்காதீர்கள். ரப்பர் ஓடினாலும் கிழமாகும், அட்டைப்பெட்டிக்குள் இருந்தாலும் கிழமாகும். காற்றும் ஓசோனும் சும்மா இருப்பதில்லை.

இனி மாற்றும் வேலை. முந்தின நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். வண்டியை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். பின்பக்கம் மட்டும் தூக்கினால் கட்டி முன்னோக்கிச் சாயும், போல்ட் துளைகள் நேருக்கு நேர் வராது. கட்டியின் எடையை அகலமான மரக்கட்டை வைத்த ஜாக்கில் தாங்குங்கள். என்ஜினுக்கு அடியில் உள்ள மெல்லிய எண்ணெய்த் தகட்டில் மட்டும் ஜாக்கை வைக்காதீர்கள், வளைந்துவிடும். முன்னால் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், அதன் பிறகு பின்னால் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். குறுக்குச் சட்டம் இருந்த இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டுத் தொடங்கினால் பிற்பாடு தலைவலி இல்லை.

சட்டம் கையில் இருக்கும்போதே ஷிஃப்ட் தண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். கப்ளரைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. புது ரப்பரை உள்ளே நுழைக்க கிரீஸோ எண்ணெயோ தடவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். லாக் நட்டுகள் புதிதாகப் போடுங்கள். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடித்துவிட்டு, ஜாக்கை இறக்கி, கட்டியின் எடை மவுண்ட் மேல் முழுவதும் வந்த பிறகே மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டபடியே வாழும், சீக்கிரம் கிழியும்.

அப்புறம் எர்த் பட்டை. கியர்பாக்ஸ் மூக்குப் பக்கத்திலிருந்து பாடிக்கு ஒரு பின்னல் பட்டை போகும். மவுண்ட் ரப்பர் என்பதால் மின்சாரம் திரும்பிப் போக அதுதான் வழி. வேலைக்காகக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் மின்னோட்டம் முழுவதும் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகவும் பாயும். கேபிள் உள்ளேயே சுட்டுப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனைகளையும் உலோகம் பளபளக்கும் வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பட்டை இற்றுப்போயிருந்தால் புதிது போடுங்கள்.

கடைசியாகக் கப்ளர் சரிக்கட்டல். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பழைய மவுண்ட் பல வருடமாகத் தொய்ந்திருக்கும். புதிது போட்டதும் பெட்டி சில மில்லிமீட்டர் மேலே வந்து உட்காரும், கம்பியின் நீளமும் கோணமும் மாறும். பழைய சரிக்கட்டல் இனி தவறு. நியூட்ரலில் வைத்து, கப்ளர் பிடியைத் தளர்த்தி, மேனுவலில் உள்ள முறைப்படி லீவரை நிறுத்தி மீண்டும் இறுக்குங்கள். என்ஜின் அணைந்த நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாலைக்குப் போக வேண்டும். பிறகு கிளட்ச் கேபிளின் தளர்வையும் அளந்து சரி செய்யுங்கள், அதுவும் மாறியிருக்கும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு போல்ட்டுகளையும் மீண்டும் டார்க் ஸ்பேனரால் சோதியுங்கள். அதே சாலையில், அதே இரண்டாவது கியரில், லீவரை அதே அளவுகோலோடு மறுபடி படம் பிடியுங்கள். நகர்வு முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்னும் கெட்டியான மவுண்ட் தேடாதீர்கள். குறுக்குச் சட்டத்தின் வெல்டிங்கையும், அது பாடியோடு சேரும் இடத்தில் துரு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.